மார்கழி, தை மாதத் தோட்டப் படங்களில் வரும் குறைகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

வட சென்னையின் மொட்டை மாடித் தோட்டங்களிலும், வீட்டுப் பின்கட்டுகளிலும், எருக்கும் ஆமணக்கும் மண்டிக் கிடக்கும் காலி மனைகளிலும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பறவைகளையும் பூச்சிகளையும் செடிகொடிகளையும் படமெடுப்பவர்களுக்காக இந்த வழிமுறையை எழுதுகிறேன். உங்கள் படத்தில் தெரியும் குறை எந்தத் தலைப்பின்கீழ் வருகிறதோ அதை மட்டும் படித்தால் போதும். ஆனால் படம் மங்கலாக இருக்கிறது என்பதுதான் குறை என்றால் முதல் பகுதியை முழுவதும் படியுங்கள், ஏனென்றால் ஐந்து வெவ்வேறு காரணங்கள் ஒரே மங்கல்போலக் காட்சி தருகின்றன.

கேமராவின் அமைப்புகளை மாற்றுவதற்கு முன்னால், எடுத்த படத்தைக் கணினியிலோ கேமராத் திரையிலோ நூறு சதவீத அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நம் ஊர்க் குளிர்காலத்தில் வரும் குறைகளில் பெரும்பாலானவற்றுக்குக் கேமராவைவிட வெளிச்சமும் காற்றும் நாம் நின்ற இடமுமே காரணம் என்பது என் உறுதியான கருத்து. டிசம்பர் கடைசியில் சென்னையில் நண்பகல் சூரியன்கூடத் தென்வானில் ஏறத்தாழ 53 பாகை உயரத்துக்குமேல் ஏறுவதில்லை. ஏப்ரலில் தலைக்குமேல் நிற்கும் வெயில் இப்போது நாள் முழுவதும் சாய்ந்தே விழுகிறது. மூன்றடி உயரமுள்ள தெற்குக் கைப்பிடிச் சுவர், நண்பகலிலும் இரண்டடிக்குமேல் நிழல் தருகிறது. கோடையில் வெயில் குளித்த அதே தொட்டி இப்போது நாள் முழுவதும் நிழலில் இருப்பதற்கு இதுதான் காரணம். இடம் மாற்றாமல் பழைய அமைப்பிலேயே படமெடுத்தால் வெளிச்சம் போதாமல் போவது இயல்பு.

படம் தெளிவாக இல்லை, எல்லாமே மங்கலாக இருக்கிறது

முதலில் லென்ஸின் முன்கண்ணாடியைப் பாருங்கள். வெளிச்சமான இடங்களைச் சுற்றிப் பால்போல ஒரு படலம் பரவி, படம் முழுவதும் ஒரே சீராக வெளிறியிருந்தால் அது பனி படிந்த லென்ஸ். ஏ.சி.யை 18 என்றோ 20 என்றோ வைத்து உறங்கிய அறையிலிருந்து கேமராவை நேராக விடியற்கால மாடிக்குக் கொண்டுவந்தால், வெளிக்காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் படிந்துவிடும். துடைத்தால் சில நொடிகளில் மீண்டும் படியும், எனவே துடைப்பது வேலைக்காகாது. கேமராவைப் பையை விட்டு எடுக்காமல், பையோடு வெளியே வைத்து அரைமணி நேரம் கழித்துத் திறப்பதே தீர்வு. அதுவரை லென்ஸைக் கழற்றக் கூடாது, கழற்றினால் ஈரம் உள்ளேயும் போய்விடும். ஏ.சி. இல்லாத வீட்டிலும் இந்தக் குறை வரும். விடிவதற்கு முன்பே முக்காலியில் கேமராவைப் பொருத்தித் திறந்த வானத்தைப் பார்த்து வைத்தால், இலைகளில் பனி இறங்கும் அதே காரணத்தால் கண்ணாடியிலும் இறங்கும். லென்ஸ் ஹூட்டை மாட்டுவதும், காத்திருக்கும் நேரத்தில் கேமராவின்மேல் ஒரு துண்டைப் போர்த்துவதும் இதைப் பெரிதும் தடுக்கும்.

கண்ணாடி சுத்தமாக இருந்தும் மங்கல் இருந்தால், படத்தில் பனித்துளியோ இலைப் பளபளப்போ எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள். துளிகள் எல்லாம் புள்ளியாக இல்லாமல் ஒரே திசையில் சிறு கோடுகளாக இழுபட்டிருந்தால் கேமரா கையில் அசைந்திருக்கிறது. 300 மி.மீ. லென்ஸை ஏ.பி.எஸ்.-சி வகைக் கேமராவில் (முழுச்சட்டகக் கேமராவைவிடச் சிறிய ஒளியுணரி உள்ளது) கையில் பிடித்து எடுப்பவர், ஷட்டர் வேகத்தை 1/500 நொடிக்குக் கீழே விடாமல் இருப்பது நல்லது. லென்ஸில் அசைவு தடுப்பு வசதி இருந்தால் இன்னும் குறைந்த வேகத்தில் எடுக்கலாம். அந்த வசதி உங்கள் கை நடுக்கத்தைத்தான் சரிசெய்யும், பறவையின் அசைவை ஒன்றும் செய்யாது. மாடியில் இருப்பவர்களுக்கு எப்போதும் கையருகே இருக்கும் தாங்கல் கைப்பிடிச் சுவர்தான். அதன்மேல் அரிசியோ பயறோ நிரப்பிய ஒரு துணிப்பையை வைத்து, அதன்மேல் லென்ஸைக் கிடத்திப் பிடித்தால் முக்காலியைவிட வேகமாகத் திரும்ப முடியும்.

கிளை தெளிவாக இருந்து, பறவையின் தலையோ வாலோ மட்டும் கலைந்திருந்தால் பறவை அசைந்திருக்கிறது. தையல்சிட்டு உட்கார்ந்திருக்கும்போதும் வாலைத் தூக்கித் தூக்கி ஆட்டும். தேன்சிட்டு பூவுக்குள் அலகை நுழைக்கும் நேரத்தில் உடல் முழுவதும் அதிரும். அமர்ந்த சிறு பறவைக்கு 1/800 முதல் 1/1000 நொடி வரையும், சிறகடிக்கும் பறவைக்கு 1/2000 நொடியும் அதற்கு மேலும் வேண்டும். காலை ஏழு மணி வெளிச்சத்தில் அந்த வேகம் கிடைக்க ஒளியை உணரும் திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ.வை 3200 வரை உயர்த்தத் தயங்க வேண்டாம். வேறு வழியில்லை என்றால் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, பறவை அசையாத நொடிக்காகக் காத்திருந்து, தொடர் படங்களாக எடுங்கள். கொண்டைக்குருவி புதிய கிளையில் வந்து அமர்ந்ததும் சுற்றிப் பார்க்கத் தலையைத் திருப்பி ஒரு கணம் உறைந்து நிற்கும், அந்தக் கணம் 1/250 நொடிக்குக்கூடப் போதுமானது.

பறவை மங்கலாக இருந்து, அதற்குப் பின்னாலோ முன்னாலோ உள்ள இலை மட்டும் கத்தரித்தாற்போலத் தெளிவாக இருந்தால் ஃபோகஸ் தவறிய இடத்தில் விழுந்திருக்கிறது. முருங்கை மரத்தில் இது அதிகம் நடக்கும். சின்னச் சின்ன இலைகளும் அவற்றுக்கிடையே தெரியும் வானமும் சேர்ந்து உண்டாக்கும் ஒளி வேறுபாடு, பறவையின் மென்மையான இறகைவிட வலுவாக இருப்பதால் கேமரா அதையே பிடித்துக்கொள்கிறது. தானாகப் பல புள்ளிகளைத் தேர்ந்தெடுக்கும் முறையை விட்டுவிட்டு ஒற்றைப் புள்ளிக்கு மாறுங்கள். அந்தப் புள்ளியைக் கண்ணின்மேல் வையுங்கள், கண் எட்டாவிட்டால் கழுத்தும் மார்பும் சேரும் இடத்தில் வையுங்கள். பறவையின் கண்ணைத் தானே தேடும் புதிய கேமராக்களும் அடர்ந்த கிளைகளுக்கிடையே தடுமாறுகின்றன. அப்போது ஃபோகஸ் வளையத்தைக் கையால் திருப்பிப் பறவைக்கு அருகே கொண்டுவந்து விட்டால், மீதியைக் கேமரா பார்த்துக்கொள்ளும்.

லென்ஸ் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருந்து எதையும் பிடிக்காமல் இருப்பதும் இதே வகையில் சேரும். மூன்று விஷயங்களைச் சரிபாருங்கள். லென்ஸின் குறைந்தபட்ச ஃபோகஸ் தூரத்துக்குள் நிற்கிறீர்களா என்பது ஒன்று. லென்ஸில் உள்ள தூர வரம்புப் பொத்தான் தவறான நிலையில் இருக்கிறதா என்பது இன்னொன்று. சன்னலின் கொசுவலை வழியாக எடுக்கிறீர்களா என்பது மூன்றாவது. வலையைத் திறக்க முடியாத வீடு என்றால், லென்ஸை வலையோடு ஒட்டி வைத்து, லென்ஸின் ஒளித்துளையான அபெர்ச்சரை முழுவதும் திறந்து எடுங்கள். வலை கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துவிடும், ஆனால் படத்தின் துல்லியம் ஓரளவு குறையத்தான் செய்யும்.

ஐந்தாவது காரணத்தைப் பலர் கண்டுபிடிப்பதே இல்லை. ஷட்டர் வேகம் 1/2000, ஃபோகஸ் சரி, கண்ணாடி சுத்தம், ஆனாலும் இறகின் நுணுக்கம் வரவில்லை, தண்ணீருக்கடியில் எடுத்ததுபோல விளிம்புகள் நெளிகின்றன என்றால் கானல்தான் காரணம். கானல் கோடைக்கு மட்டும் உரியதன்று. குளிர்ந்த காலைக் காற்றில், வெயில் பட்டு விரைவாகச் சூடேறும் தகரக் கூரைக்கும் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கும் மேலே காற்று கலங்கி எழுகிறது. வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி போன்ற நெருக்கமான பகுதிகளில் நம் மாடியிலிருந்து நாலு வீடு தள்ளி இருக்கும் மாமரத்தைக் குறிவைத்தால், இடையில் உள்ள அத்தனை கூரைகளின் வெப்பக் காற்றையும் கடந்துதான் படம் வருகிறது. சோதிப்பது எளிது. அதே தூரத்தில் அசையாமல் இருக்கும் சின்டெக்ஸ் தொட்டியின் மூடி விளிம்பை வரிசையாகச் சில படங்கள் எடுத்து ஒப்பிடுங்கள். ஒவ்வொரு படத்திலும் விளிம்பு ஒவ்வொரு விதமாக நெளிந்திருந்தால் கானல், எல்லாப் படத்திலும் ஒரே மாதிரி மங்கியிருந்தால் ஃபோகஸ். கானலுக்கு எந்த விலையுயர்ந்த லென்ஸும் மருந்தாகாது. ஒன்பது மணிக்கு முன்பே தூரப் படங்களை முடித்துக்கொண்டு, பிறகு பத்து, பதினைந்து அடிக்குள் இருப்பவற்றைப் பாருங்கள்.

இதனோடு புகையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மணலி, எண்ணூர்ப் பக்கமுள்ள தொழிற்சாலைகளின் புகையும் வாகனப் புகையும் காற்று அடங்கிய காலைகளில் பனியோடு சேர்ந்து தாழ்ந்து நிற்கும், போகியன்று இது உச்சத்தை அடையும். கானலைப்போல இது விளிம்புகளை நெளிக்காது, நிறத்தையும் ஒளி வேறுபாட்டையும்தான் விழுங்கும். மென்பொருளில் மூட்டம் நீக்கும் கருவியால் ஓரளவு மீட்கலாம். அந்த நாள்களில் தூரத்துப் பறவையை விட்டு, கைக்கெட்டும் செடியையும் பூச்சியையும் எடுப்பதே சரி, மூட்டத்தில் பரவி வரும் ஒளி அவற்றுக்கு மிக அழகாக அமையும்.

பறவை கரிய உருவமாகவும் வானம் வெள்ளையாகவும் வருகிறது

கம்பியில் அமர்ந்த கரிச்சானையோ, அக்டோபரிலிருந்து வந்து சேரும் தகைவிலான்களையோ கீழிருந்து எடுக்கும்போது இது தவறாமல் நடக்கும். கேமரா தான் காணும் எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பல் என்று எண்ணி வெளிச்சத்தை அளக்கிறது. வெளிர்ந்த வானம் சட்டகத்தை நிறைக்கும்போது அதைச் சாம்பலாக்குவதற்காக முழுப் படத்தையும் இருட்டாக்குகிறது. வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் உள்ள எக்ஸ்போஷர் ஈட்டை பிளஸ் 1 முதல் பிளஸ் 1.7 வரை ஏற்றுங்கள். வானம் முழுவெள்ளையாகும், ஆகட்டும், அந்த வானத்தில் காப்பாற்ற வேண்டியது எதுவும் இல்லை. கரும்பச்சை மாவிலைகளுக்கு முன்னால் அமர்ந்த உண்ணிக்கொக்குக்கு இதற்கு நேர்மாறாக மைனஸ் 0.7 அளவுக்கு இறக்க வேண்டும், இல்லையென்றால் வெள்ளை இறகுகளின் வரி வடிவம் கரைந்துபோகும். கருநிறப் பறவைகளில் கண்ணும் உடலும் ஒன்றாகிவிடாமல் இருக்க, சூரிய ஒளியின் ஒரு பொட்டு கண்ணில் விழும் கோணம் வரும்வரை இடம் மாறி நில்லுங்கள்.

ஆண் தேன்சிட்டு எப்போதும் கறுப்பாகவே பதிகிறது

கேமராவில் கோளாறு எதுவுமில்லை. ஊதாத் தேன்சிட்டின் நீலமும் ஊதாவும் பெரும்பாலும் சாயத்தால் வந்த நிறங்கள் அல்ல. இறகின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்பும்போது பிறக்கும் நிறங்கள். ஒளியும் பறவையும் லென்ஸும் குறிப்பிட்ட கோணத்தில் அமைந்தால்தான் அவை தெரியும், கொஞ்சம் விலகினாலும் அதே இறகு கரிபோலக் கறுத்துவிடும். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள். தேன்சிட்டு திரும்பத் திரும்ப ஒரே பூக்களுக்கு வரும் பழக்கம் உடையது என்பதால், பறவையைத் துரத்தாமல் பூவைத் தேர்ந்தெடுப்பதுதான் வழி. காலையில் சூரியன் தென்கிழக்கில் இருக்கிறது, எனவே உங்களுக்கு வடமேற்கில் இருக்கும் செம்பருத்தியையோ இட்லிப் பூவையோ முருங்கைப் பூங்கொத்தையோ குறித்துக்கொண்டு உட்காருங்கள். பறவை தலையைத் திருப்பும்போது தொண்டையில் நிறம் பற்றி எரிவது ஒரு நொடிதான், ஆகவே தொடர் படங்களாக எடுத்துப் பின்னர் தேர்ந்தெடுங்கள். பூவுக்கு முன்னால் அது அந்தரத்தில் நிற்பது சிறிது நேரம்தான், பெரும்பாலும் காம்பைப் பிடித்துத் தொங்கித்தான் தேன் குடிக்கும், எனவே காம்பு தெரியும் பக்கத்தில் நிற்பது பயன் தரும்.

ஒரு பறவையின் மேல்புறம் பழுப்பாகவும் அடிப்புறம் மஞ்சளாகவும் இருந்து, தொண்டையிலிருந்து வயிறு நோக்கி ஒரு கருங்கோடு மட்டும் ஓடினால் அதை வேறு இனம் என்று எண்ணிவிட வேண்டாம். இனப்பெருக்கக் காலத்துக்கு வெளியே ஆண் ஊதாத் தேன்சிட்டு அணியும் கோலம் அது. பொங்கல் நாள்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்புக்குப் பட்டியல் தருபவர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

செம்பருத்தி வெறும் சிவப்புத் தகடாகத் தெரிகிறது. வெள்ளைப் பூவில் பச்சை பாய்ந்திருக்கிறது

சிவப்பில் இதழின் நரம்பும் மடிப்பும் காணாமல் போவதற்குக் காரணம், படத்தின் மொத்த வெளிச்சம் சரியாக இருந்தும் சிவப்பு அலைவரிசை மட்டும் நிரம்பி வழிந்திருப்பதே. சாதாரண ஹிஸ்டோகிராம் (படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) இதைக் காட்டாது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமை வைத்துப் பாருங்கள். சிவப்பு மலை வலது சுவரில் முட்டி நின்றால், அது சுவரை விட்டு விலகும்வரை வெளிச்சத்தைக் குறையுங்கள், பெரும்பாலும் மைனஸ் 0.7 முதல் மைனஸ் 1 வரை போதும். நிறங்களைத் தூக்கிக் காட்டும் ‘விவிட்’ போன்ற அமைப்பை அணைத்துவிட்டு, முடிந்தால் ரா கோப்பாக (கேமரா திருத்தாத மூலக்கோப்பாக) எடுங்கள். நேர் வெயிலைவிட நிழலில் சிவப்புப் பூ நன்றாகப் பதியும். டிசம்பர் பூவின் ஊதா நீலமாக மாறிப் பதிகிறது என்றால், ஒளிக்கு ஏற்ப நிறங்களைச் சமன்செய்யும் ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியில் விடாமல் வெயிலில் 5500 கெல்வின் அளவிலும், நிழலில் 7000 அளவிலும் வைத்துப் பாருங்கள்.

வெள்ளைப் பூவில் பச்சை பாய்வது மாடித் தோட்டங்களுக்கே உரிய குறை. நந்தியாவட்டையும் வெள்ளைச் சாமந்தியும் பச்சை நிழல்வலைக்குக் கீழே நின்றால் வலையின் நிறம் இதழில் இறங்கிவிடும். வலைக்கடியில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, அதைக் கொண்டு ஒயிட் பேலன்ஸை நாமே நிர்ணயித்தால் பெரும்பகுதி சரியாகும். ஆனால் ஒருபுறம் வலை வழியாகவும் மறுபுறம் திறந்த வெளியிலிருந்தும் ஒளி வந்தால் பூவின் ஒரு பாதி பச்சையாகவும் மறு பாதி நீலமாகவும் இருக்கும், அதை எந்த மென்பொருளாலும் முழுமையாகத் திருத்த முடியாது. தொட்டியைத் தூக்கி வெளியே வையுங்கள். குளிர்கால வெயிலில் பெரும்பாலான செடிகளுக்கு அந்த வலை தேவையும் இல்லை. நீலத் தார்ப்பாயும், அடர்வண்ணம் அடித்த பக்கத்து வீட்டுச் சுவரும் இதே வேலையைச் செய்யும்.

இருண்ட பகுதிகளில் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது

ஐ.எஸ்.ஓ.வைக் குறைத்து இருட்டாக எடுத்துவிட்டுப் பிறகு கணினியில் வெளிச்சமாக்கும் பழக்கமே இதற்குப் பெருங்காரணம். ஐ.எஸ்.ஓ. 800இல் எடுத்து இரண்டு படி (நான்கு மடங்கு) வெளிச்சம் உயர்த்திய படத்தைவிட, 3200இல் முதலிலேயே சரியான வெளிச்சத்தில் எடுத்த படம் பெரும்பாலான கேமராக்களில் சுத்தமாக இருக்கும். படத்தை அதிகமாக வெட்டிப் பெரிதாக்குவதும் புள்ளிகளைப் பெருக்கும்.

பூச்சியின் கண் தெளிவு, உடல் மங்கல்

நெருக்கப் படங்களுக்கான மேக்ரோ லென்ஸில், பூச்சி தன் உண்மை அளவிலேயே ஒளியுணரியில் பதியும் அளவுக்கு நெருங்கினால், அபெர்ச்சரை எஃப்/11 அளவுக்குச் சுருக்கினாலும் தெளிவாக இருக்கும் ஆழம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். ஓர் அரிசியின் தடிமனைவிடக் குறைவான அந்த இடத்துக்குள் ஒரு வண்டின் தலை முதல் வால் வரை அடங்காது. அபெர்ச்சரை எஃப்/22க்கு மூடினால் சரியாகிவிடும் என்று தோன்றும், ஆனால் அந்த நெருக்கத்தில் லென்ஸின் உண்மையான துளை அளவு குறிக்கப்பட்டதைவிட இரண்டு படி சுருங்கியே வேலை செய்வதால், ஒளி விளிம்புகளில் சிதறி முழுப் படமும் மென்மையாகிவிடும். எஃப்/8க்கும் எஃப்/11க்கும் நடுவிலேயே நில்லுங்கள்.

அதற்குமேல் ஆழம் வேண்டுமென்றால் மூன்று வழிகள் உண்டு. முதலாவதும் சிறந்ததும் கோணத்தை மாற்றுவது. கேமராவின் பின்பக்கத் திரை பூச்சியின் உடலுக்கு இணையாக இருக்கும்படி பக்கவாட்டில் வந்தால், சிறகை மூடி அமர்ந்த வண்ணத்துப்பூச்சி முழுவதும் ஒரே தளத்துக்குள் வந்துவிடும். இரண்டாவது, சற்றுப் பின்னால் விலகி எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்வது. மூன்றாவது, ஃபோகஸைத் துளித்துளியாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து மென்பொருளில் அடுக்குவது. இந்த மூன்றாவது வழி பனியில் விறைத்து அசையாமல் இருக்கும் பூச்சிக்கும், காற்றில்லாத நேரத்துச் செடிக்கும் மட்டுமே பலிக்கும்.

இந்தப் பருவத்தில் இவற்றைப் பழகுவதற்கு அவரைக் கொடியைவிட நல்ல இடம் இல்லை. அதன் இளங்கொழுந்தைக் கண்ணுக்கு நேரே கொண்டுவந்து பாருங்கள். கருநிற அசுவினிகள் தண்டை மறைத்து ஒட்டியிருக்கும், அவற்றுக்கிடையே எறும்புகள் உணர்கொம்பால் தட்டித்தட்டி இனிப்புத் துளியை வாங்கிக் குடித்துக்கொண்டிருக்கும், நாலு விரற்கடை தள்ளி ஒரு பொறிவண்டின் புழு, முதலையைப்போல நீண்ட உடலோடு, அசுவினிகளை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டு வரும். மருந்தடிக்காத கொடி என்றால் ஒரு சாண் தண்டிலேயே ஒரு காலை முழுவதற்கும் வேலை இருக்கிறது.

கைப்பேசியில் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. மிக நெருங்கியதும் பல கைப்பேசிகள் தாமாகவே அகலக்கோண லென்ஸுக்கு மாறிவிடும். அப்போது கைப்பேசியின் நிழலே பூச்சியின்மேல் விழும், பின்னணியும் அளவுக்கு மீறி விரியும். அந்தத் தானியங்கி மாற்றத்தை அணைத்துவிட்டு, முதன்மை லென்ஸில் ஓர் அடி தள்ளி நின்று, திரையை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டி எடுத்தால் படம் நன்றாக வரும்.

வண்டின் முதுகில் வெள்ளைத் திட்டு விழுகிறது

பிளாஷின் சிறிய ஒளிமுகம் பளபளப்பான ஓட்டில் அப்படியே தெரிகிறது. ஒளிமுகத்தைப் பெரிதாக்க வேண்டும், பூச்சிக்கு அருகில் கொண்டுவர வேண்டும். பட்டர் பேப்பரை இரண்டு மடிப்பாக வளைத்துப் பிளாஷுக்கும் பூச்சிக்கும் நடுவில் பிடித்தாலே திட்டு விரிந்து மென்மையாகும். பறவைகளுக்குப் பிளாஷ் வேண்டாம் என்பதே என் நிலைப்பாடு, விடியலின் மங்கிய ஒளியில் சிறிதும் வேண்டாம்.

நெருங்கியதும் பூச்சி பறந்துவிடுகிறது, அல்லது பூச்சியே கண்ணில் படுவதில்லை

வண்ணத்துப்பூச்சிக்கும் தும்பிக்கும் பறப்பதற்குத் தசை சூடேற வேண்டும். சென்னையில் ஜனவரி விடியல் வெப்பம் 20 டிகிரியை ஒட்டி இருக்கும், அந்தக் குளிரில் அவை உடனே எழ முடியாது. சூரியன் மேலே வந்து இலைகளில் வெயில் இறங்கும்வரை, ஜனவரியில் ஏறத்தாழ ஆறரையிலிருந்து எட்டு மணிக்குள், நெருங்குவதற்கு உரிய நேரம். அந்த நேரத்தில் அவற்றைத் தேடுவதுதான் கடினம் என்பதால் முந்தைய மாலையிலேயே இடம் பார்த்துக்கொள்ளுங்கள். மாலை ஐந்தரை மணிவாக்கில் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சிகள் எந்தக் காய்ந்த குச்சியில் தொங்குகின்றன, ஊசித்தட்டான்கள் எந்தப் புல்தண்டைப் பற்றுகின்றன என்று குறித்துக்கொண்டால், விடியலில் அதே இடத்தில் பனித்துளிகளோடு இருப்பதைப் பெரும்பாலும் காணலாம்.

நெருங்கும்போது உங்கள் நிழல் முதலில் போய் அதன்மேல் விழக் கூடாது. நேராக நடந்து போவதைவிட, குனிந்து பக்கவாட்டில் மெல்ல நகர்ந்து போங்கள், அது அமர்ந்திருக்கும் செடியை மட்டும் தொடாதீர்கள். எருக்கில் வெந்தய வரியனின் முட்டையையும் புழுவையும் தேடலாம். கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் தின்ற இலை விளிம்பும் கீழே கருநிற எச்சமும் தெரிந்தால் மேலே புழு இருக்கிறது. எலுமிச்சை அழகி வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு பறவை எச்சத்தைப்போல வெள்ளையும் பழுப்புமாக இருப்பதால் கண் அதைக் கடந்துபோய்விடும், வளர்ந்த புழு இலைப்பச்சையாக மாறிவிடும்.

பூச்சியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து விறைக்கச் செய்து எடுப்பதும், கிளிசரின் தெளித்துப் பனித்துளி காட்டுவதும் சிலரிடம் உள்ள பழக்கங்கள். பூச்சிக்குத் தீங்கு என்பதோடு, அமர்ந்திருக்கும் தோரணையிலேயே பொய் தெரிந்துவிடும். நம் ஊர்ப் பனியே போதும். அதேபோல், துணிக்கொடியிலும் வயரிலும் தொங்கும் தேன்சிட்டின் கூட்டுக்கு அருகே நின்று படமெடுக்காதீர்கள், நாம் நின்று பார்க்கும் இடத்தைக் காகம் கவனித்துக்கொண்டே இருக்கும்.

செடி ஆடிக்கொண்டே இருக்கிறது

விடிந்து ஒன்றிரண்டு மணி நேரம் காற்று பெரும்பாலும் அடங்கியிருக்கும், வெயில் ஏற ஏறக் கடல் பக்கமிருந்து காற்று எழும். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர்க் கரையோரத்தில் இது இன்னும் விரைவாகத் தெரியும். ஒரு மூங்கில் குச்சியைத் தொட்டியில் நட்டு, துணி காயப்போடும் கிளிப்பால் தண்டைச் சட்டகத்துக்கு வெளியே பிடித்துவிடுங்கள். காற்று வரும் பக்கத்தில் ஒரு தெர்மாகோல் பலகையை நிறுத்தினால், காற்றையும் தடுக்கும், நிழல் பக்கத்துக்கு வெளிச்சத்தையும் திருப்பித் தரும். அப்போதும் ஆடினால் ஷட்டர் வேகத்தை 1/500 நொடிக்கு மேல் ஏற்றுவதே மீதமுள்ள வழி.

பறவை நன்றாக வந்திருக்கிறது, ஆனால் பின்னால் கேபிள் வயரும் தண்ணீர்த் தொட்டியும்

நெருக்கமான தெருக்களில் இதைத் தவிர்க்கவே முடியாது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பறவைக்கும் பின்னணிக்கும் உள்ள தூரம், உங்களுக்கும் பறவைக்கும் உள்ள தூரத்தைவிடப் பல மடங்கு இருந்தால் தொட்டியும் வயரும் வெறும் நிறமாகக் கரைந்துவிடும். அதனால் தண்ணீர் வைக்கும் மண் தட்டைச் சுவரோரத்தில் வைக்காமல், பின்னால் தெருவின் அகலமும் எதிர்வீட்டு மரமும் வரும்படி வையுங்கள். தட்டுக்கு ஓரடி மேலே ஒரு காய்ந்த கிளையைக் கட்டுங்கள், பறவைகள் நேராகத் தட்டுக்கு இறங்காமல் முதலில் அங்கே அமர்ந்து சுற்றிலும் பார்க்கும், உங்கள் படம் அங்கேதான். கண்மட்டத்தில் எடுக்க முழங்காலிட்டு அமருங்கள். ஒரு அடி இறங்குவதும் அரை அடி பக்கத்தில் நகர்வதும் ஒரு வயரை முழுவதுமாக மறைத்துவிடும். காகங்களும் புறாக்களும் தட்டைப் பிடித்துக்கொண்டால், ஆழமில்லாத சிறு தட்டுகளாகப் பிரித்து இலை அடர்ந்த செடிகளுக்கு நடுவில் வையுங்கள், தவிட்டுக்குருவியும் தையல்சிட்டும் அங்கே வரும். சிட்டுக்குருவி உள்ள தெருக்களில் வாசலில் போட்ட அரிசிமாக் கோலத்தைக் கொத்த அவை வருவதுண்டு, தரையோடு தரையாகக் கேமராவை வைத்து எடுத்தால் பின்னணிச் சிக்கலே இராது.

லென்ஸுக்குள் நூல்நூலாகத் தெரிகிறது, வெளியே பிசுபிசுப்பு

பிசுபிசுப்பு கடற்காற்றின் உப்பு. உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்புத்துகள் கண்ணாடியைக் கீறும். முதலில் ஊதும் பந்தால் தூசியை விரட்டிவிட்டு, லேசாக ஈரப்படுத்திய மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்து, பிறகு உலர்த்துங்கள். கரையோரத்தில் எடுத்துவிட்டு வந்த நாளிலேயே இதைச் செய்துவிட வேண்டும்.

உள்ளே சிலந்தி வலைபோலத் தெரிவது பூஞ்சை. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் அலமாரியில் மூடிவைத்த லென்ஸில் அது பிடித்து, ஜனவரியில்தான் நம் கண்ணுக்குத் தெரியவருகிறது. லென்ஸின் பின்புறமிருந்து டார்ச் அடித்து முன்புறமாகப் பார்த்தால் தொடக்கத்திலேயே கண்டுபிடிக்கலாம். தொடக்க நிலை என்றால் லென்ஸ் பழுது பார்ப்பவர் கழற்றிச் சுத்தம் செய்து தருவார், பூஞ்சை கண்ணாடியின் மேல்பூச்சை அரித்துவிட்டால் தடம் மறையாது. அந்த லென்ஸை மற்றவற்றோடு ஒரே பையில் வைக்க வேண்டாம். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சிறிய மானி ஆகிய மூன்றும் போதும். மானி 40க்கும் 50க்கும் இடையில் நிற்க வேண்டும். நீல நிற ஜெல் வெளிறி இளஞ்சிவப்பானதும் வாணலியில் மிதமான சூட்டில் வறுத்து மீண்டும் பயன்படுத்தலாம், ஆனால் அந்த வாணலியைச் சமையலுக்கு எடுக்கக் கூடாது. தோல் உறைகளில் ஈரம் தங்கும் என்பதால் லென்ஸை அவற்றிலிருந்து எடுத்துவிட்டே டப்பாவில் வையுங்கள்.